பழைய ஃபோர்க்லிஃப்ட் வாங்கலாமா? ஒரு காயர் பித் யூனிட்டின் கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன காயர் பித் யூனிட் இருக்கிறது. தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் துகளைக் கழுவி, களத்தில் காயவைத்து, ஐந்து கிலோ பிளாக்காக அழுத்தி ஏற்றுமதிக்கு அனுப்புகிறோம். முன்பெல்லாம் கன்டெய்னருக்குள் பிளாக்குகளைக் கையாலேயே அடுக்குவார்கள். இப்போது வாங்குகிறவர்கள் பேலட்டில்தான், அதாவது மரத் தட்டில் அடுக்கித்தான், வேண்டும் என்கிறார்கள். ஒரு நாற்பதடி ஹை கியூப் (உயரம் கூடிய) கன்டெய்னருக்கு இருபது பேலட், ஒரு பேலட்டுக்கு 220 பிளாக். மரப் பேலட்டின் எடையையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் 1,100 கிலோவைத் தாண்டிவிடும்.

ஆக, ஃபோர்க்லிஃப்ட் வேண்டும் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த மாதிரி ஃபோர்க்லிஃப்ட் என்பதில்தான் நான்கு மாதம் பேசினோம். அண்ணன் புது வண்டி என்றார். நான் பழைய வண்டி என்றேன். தெரிந்தவர் ஒருவர் மாத வாடகைக்கு எடுங்கள் என்றார். பேட்டரி வண்டிதான் இனி என்றார் இன்னொருவர். நான்கையும் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் ஒரு புரோக்கர் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது என்கிற கவலையில்தான் எழுதுகிறேன்.

விலைக்குப் போகும் முன் இரண்டு விஷயம்.

முதலாவது, டாக், அதாவது சரக்கு ஏற்றும் மேடை. கன்டெய்னர் டிரெய்லர் மேலேயே நிற்கும். அதன் தரை நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு மண் நிரப்பி கான்கிரீட் போட்ட மேடையும், அதில் வண்டி ஏறச் சரிவும் இல்லையென்றால் ஃபோர்க்லிஃப்ட் கன்டெய்னருக்குள் போகவே முடியாது. கீழே நின்றபடி பேலட்டை வாசலில் வைக்கும். உள்ளே இருக்கிற ஆள் ஹேண்ட் பேலட் ட்ரக்கை வைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். 1,100 கிலோவைக் கன்டெய்னரின் பலகைத் தரையில் இருபது முறை இழுப்பது சுலபமான வேலை இல்லை. டாக் இல்லாமல் ஃபோர்க்லிஃப்ட் வாங்குவது பாதி வேலைக்கு முழுக் காசு கொடுப்பது. நாங்கள் முதலில் டாக் கட்டினோம்.

இரண்டாவது, வண்டியின் தூக்கும் திறன். 3 டன் வண்டி என்றால் எதை வைத்தாலும் 3 டன் தூக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துலாக்கோலைப் போலத்தான் இதுவும். முன் சக்கரம் நடு முள், பின்னால் இருக்கிற வார்ப்பிரும்பு எடை ஒரு தட்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கரங்களான ஃபோர்க்கில் இருக்கிற சரக்கு மறு தட்டு. சரக்கின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் முதுகிலிருந்து (நிமிர்ந்த பகுதியிலிருந்து) 500 மி.மீ. தூரத்தில் இருந்தால்தான் தகட்டில் போட்டிருக்கிற 3 டன். 1.2 மீட்டர் ஆழமான பேலட் என்றால் நடுப்புள்ளி 600 மி.மீ.க்குத் தள்ளிப்போகிறது. முன் சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் முதுகு வரை 480 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 3,000-ஐ 980-ஆல் பெருக்கி 1,080-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 2,720 கிலோதான் வருகிறது. உயரே தூக்கத் தூக்க, ஃபோர்க் ஏறி இறங்குகிற தூணான மாஸ்ட்டை முன்னால் சாய்க்கச் சாய்க்க இன்னும் குறையும். எங்கள் பேலட்டுக்கு 2 டன் வண்டியே போதும். ஆனால் பழைய வண்டிகளில் எங்கள் கண்ணில் பட்டவை பெரும்பாலும் 3 டன். தேய்ந்த வண்டிக்குக் கொஞ்சம் திறன் மிச்சம் இருப்பது நல்லது என்பதால் அதையே தேடினோம்.

கன்டெய்னருக்குள் போகிற வண்டி என்றால் மாஸ்ட்டையும் பார்க்க வேண்டும். ஹை கியூப் வாசலின் உயரம் ஏறத்தாழ 2.58 மீட்டர். சாதாரண இரண்டடுக்கு மாஸ்ட் இறக்கிய நிலையில் 2.1 மீட்டர் சுமாருக்கு இருக்கும், அதனால் நுழைந்துவிடும். எங்கள் பேலட் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2.2 மீட்டர் உயரம், ஒரே அடுக்கு. தரையிலிருந்து நாலு விரற்கடை தூக்கினால் போதும். குட்டையான பேலட்டை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்கு ஏற்றுகிறவர்களுக்கு அந்த மாஸ்ட் ஆகாது. ஃபோர்க் உயர உயர உள் மாஸ்ட்டும் மேலே நீண்டு கன்டெய்னர் கூரையில் இடிக்கும். மாஸ்ட் நீளாமல் ஃபோர்க் மட்டும் மேலே போகிற முழு ஃப்ரீ லிஃப்ட் மாஸ்ட் அவர்களுக்கு வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய வண்டியை வாங்கிவிட்டு, முதல் கன்டெய்னர் அன்றுதான் இது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எத்தனை மணி நேரம் ஓடும்?

நாங்கள் செய்ததில் உருப்படியான காரியம், வாங்கும் முன் மூன்று மாதம் வாடகைக்கு எடுத்ததுதான். ஆபரேட்டர் இல்லாமல் மாதம் 35,000 ரூபாய், டீசல் எங்களுடையது. காசு வீண் என்று முதலில் எனக்கு மனசே இல்லை. தினமும் ஐந்து மணி நேரமாவது வண்டி ஓடும் என்று அண்ணனும் நானும் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தோம். மாதக் கடைசியில் ஹவர் மீட்டரைப் பார்த்துக் குறித்தபோது முதல் மாதம் 46 மணி, அடுத்தது 52, மூன்றாவது 49. நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். பிரஸ்ஸிலிருந்து குடோனுக்குப் போவது, குடோனிலிருந்து கன்டெய்னருக்குப் போவது, அவ்வளவுதான் வேலை. மீதி நேரமெல்லாம் ஷெட்டில் நின்றது.

வருடத்துக்கு 600 மணி. இந்த ஒரு எண் கையில் வந்ததும் பேச்சே மாறிவிட்டது. ஒரு ஷிப்ட் முழுக்க ஓடுகிற வண்டிக்கு வருடம் 2,000 மணி என்று போடுவார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குகூட எங்களுக்கு இல்லை. உங்கள் எண் 1,500-ஐத் தாண்டுகிறது என்றால் இந்தக் கட்டுரையின் முடிவு உங்களுக்குப் பொருந்தாது. புது வண்டிக்கோ, பராமரிப்பு ஒப்பந்தத்தோடு வரும் வாடகை வண்டிக்கோ போங்கள். நாள் முழுக்க ஓடுகிற இடத்தில் பழைய வண்டி நிம்மதி தராது.

இனி ரூபாய்க் கணக்கு. இவை எங்களுக்குச் சொன்ன விலைகள், எங்கள் கையைவிட்டுப் போன தொகைகள். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும்.

புது 3 டன் டீசல் வண்டிக்குச் சொன்ன விலை 12.50 லட்சம். 18 சதவீத ஜிஎஸ்டி 2.25 லட்சம் சேர்ந்தால் 14.75. அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். எல்யூடி என்னும் உறுதிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிற தொகையில் மூலதனப் பொருள்களுக்குக் கட்டிய வரி சேராது. எங்களுக்கு உள்நாட்டு விற்பனை இல்லாததால் செலவாகவே வைத்துக்கொண்டோம். உங்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இருந்தால் புது வண்டியின் பக்கம் இரண்டு லட்சத்துக்கு மேல் சாயும். எட்டு வருடம் ஓட்டி 4.50 லட்சத்துக்கு விற்கலாம் என்றால் வருடத் தேய்மானம் 1.28 லட்சம். கடன் வட்டியை எட்டு வருடத்துக்குப் பிரித்தால் சுமார் 50,000. பராமரிப்பு 35,000. மொத்தம் வருடத்துக்கு 2.13 லட்சம்.

பழைய வண்டி, கடைசியில் நாங்கள் வாங்கியதையே எடுத்துக்கொள்கிறேன். வண்டிக்கு 4.10, ரிப்பேருக்கு 1.05, ஆக 5.15 லட்சம். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு 1.50 லட்சத்துக்குத் தள்ளிவிடலாம். நாலு டன்னுக்கு மேல் இரும்பு இருக்கிறது, காயலான் கடை விலைக்கே அதற்குக் கிட்டத்தில் வரும். தேய்மானம் 73,000. பராமரிப்பு, தாராளமாகவே போடுவோம், 70,000. கையில் இருந்த பணம்தானே என்று விடாமல் அதற்கும் வட்டி 25,000. மொத்தம் 1.68 லட்சம்.

வாடகை: 35,000 வீதம் வருடத்துக்கு 4.20 லட்சம், அதற்கு மேல் வரி. 600 மணிக்கு இது கட்டுப்படியாகாது. சீசனில் மட்டும் ஓடுகிற யூனிட் என்றால் கணக்கு வேறு. வருடத்தில் நாலு மாதம்தான் வேலை என்றால் வாடகையைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

டீசல் புது வண்டிக்கும் பழையதற்கும் மணிக்கு மூன்று லிட்டர் சுமாருக்குத்தான். பழையது கொஞ்சம் கூடக் குடிக்கும். 600 மணியில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

ஆக, புதிதுக்கும் பழையதுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு 45,000 ரூபாய். நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. விலையில் மூன்று மடங்கு வித்தியாசம் தெரிகிறது, வருடச் செலவில் அது சுருங்கிப்போகிறது. பழைய வண்டி மலிவு, மலிவு என்று நான் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் இந்த 45,000-க்காகத்தான்.

அப்புறம் அண்ணன் கேட்ட கேள்விதான் முக்கியம். “கன்டெய்னர் வந்து நிற்கிற அன்னைக்கு வண்டி நின்னுடுச்சுன்னா?” கன்டெய்னரைக் கப்பலுக்கு ஒப்படைக்கக் கடைசி நேரம் ஒன்று உண்டு, அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல். அவசரத்துக்கு ஆபரேட்டரோடு ஒரு நாள் வாடகை வண்டி 4,500, அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவர 3,000, டிரெய்லர் காத்திருந்ததற்கு 1,500. ஒரு தடவைக்கு 9,000 ரூபாய். 45,000-ஐ 9,000-ஆல் வகுத்தால் ஐந்து. கன்டெய்னர் நாளில் வருடத்துக்கு ஐந்து முறைக்கு மேல் நின்றால் புது வண்டியே மலிவு. ஐந்துக்குள் நின்றால் பழையது மலிவு. எங்கள் மொத்த விவாதமும் இந்த ஐந்தில் வந்து நின்றது. அந்த ஐந்துக்குள் நிற்கிற பழைய வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் பாக்கி.

பேட்டரி வண்டியைப் பற்றி

இதை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. காயர் பித் யூனிட்டில் நெருப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உலர்ந்த பித் சுடர்விட்டு எரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். நீறுபூத்த நெருப்பு என்று சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். டீசல் எஞ்சினின் சூடான சைலன்சர் குழாயிலும், புகையை அதற்குள் விடும் மேனிஃபோல்டிலும் இந்தத் தூசி படிகிறது. வேலை முடிந்து ஷெட்டில் நிறுத்திய வண்டியிலிருந்து ராத்திரி புகை வந்தால் பக்கத்தில் இருப்பது முழுக் குடோன். எல்லா வேலையும் கூரைக்கு அடியில், சமமான கான்கிரீட் தரையில் என்றால் நான் பேட்டரி வண்டிதான் வாங்கியிருப்பேன்.

எங்களுக்கு இடறியது மூன்று. டாக்குக்கு ஏறும் சரிவில் ஒவ்வொரு பேலட்டுக்கும் பேட்டரி இறங்கும். களத்துக்கும் குடோனுக்கும் நடுவே திறந்த வெளி. தென்மேற்குப் பருவமழையில் பொள்ளாச்சி எப்படி நனையும் என்பது தெரிந்ததுதான். மூன்றாவது, பழைய பேட்டரி வண்டியில் விலை இருப்பது வண்டியில் இல்லை, பேட்டரியில். 48 வோல்ட் லெட் ஆசிட் என்றால் இரண்டு வோல்ட் செல் 24 வரிசையாக இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 1,500 சார்ஜ் சுமாருக்கு வரும், அதாவது தினம் ஒரு சார்ஜ் என்றால் ஐந்து வருடம். ஐந்து வருடம் கழித்து விற்பனைக்கு வருகிற வண்டியின் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 1.28 பக்கத்தில் காட்ட வேண்டும். 23 செல் 1.27 காட்டி ஒரே ஒரு செல் 1.18 காட்டினாலும் அந்த ஒன்று மொத்த வரிசையையும் இழுத்துவிடும். பேட்டரி வண்டி வாங்குகிறவர்கள் புது பேட்டரியின் விலையைக் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். கூட்டியதும் எங்களுக்கு எட்டவில்லை. டீசலுக்கு வந்தோம், நெருப்புக்கான ஏற்பாட்டோடு.

பார்த்த முதல் வண்டி

எங்களுக்கு வண்டி பார்த்துக் கொடுத்தவர் முப்பது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் வேலையிலேயே இருக்கிற மெக்கானிக் அண்ணா ஒருவர். நாளைக்கு 1,500 ரூபாயும் பெட்ரோலும் கொடுத்தோம். எல்லாச் செலவிலும் இதைத்தான் மிக நல்ல செலவு என்பேன்.

முதல் வண்டி ஒரு டீலரின் யார்டில் நின்றது. மஞ்சள் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அண்ணா கிட்டே போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சூடு. “நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க தம்பி” என்றார். ஆறிய எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கம்ப்ரஷன் போன எஞ்சின் காலையில் முரண்டு பிடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும். சூடாக்கி வைத்த வண்டியில் அது தெரியாது.

ஹவர் மீட்டர் 4,812 காட்டியது. பிரேக் பெடலின் ரப்பர் முழுக்கத் தேய்ந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. 4,812 மணியில் ஒரு காலால் அவ்வளவு தேய்க்க முடியாது. மீட்டரை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

பிறகு பையிலிருந்து கனம் அளக்கும் வெர்னியரை எடுத்தார். ஃபோர்க்கின் நிமிர்ந்த பகுதி சரக்கில் உரசாது, அதனால் தேயாது. அங்கே 45 மி.மீ. வளைவை ஒட்டிய அடிப்பகுதியில், அதாவது குதிகாலில், 39.2. “பத்துல ஒரு பங்கு தேஞ்சாலே கழட்டிப் போட்டுடணும்” என்றார். 45-இல் பத்தில் ஒரு பங்கு 4.5, 40.5-க்குக் கீழே போனால் ஆகாது. கனம் பத்து சதவீதம் குறைந்தால் பலமும் பத்து சதவீதம்தானே குறையும் என்று கேட்டேன். இல்லையாம். வளைகிற இரும்பின் பலம் கனத்தின் வர்க்கத்தோடு போகிறது. 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பலம் போச்சு. இந்த வண்டியில் நாலில் ஒரு பங்கு போயிருந்தது.

ஃபோர்க்கைத் தூக்கும் செயின் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். எண்ணெய் ஊற வேண்டிய இடத்தில் பெயின்ட். அண்ணா அதைச் சுரண்டி, பதினாறு கண்ணிகளை டேப் வைத்து அளந்தார். முக்கால் அங்குலக் கண்ணி, பதினாறுக்கு 305 மி.மீ. இருக்க வேண்டும். மூன்று சதவீதம் நீண்டு 314 வந்தால் மாற்ற வேண்டும். 315 இருந்தது.

ஃபோர்க்கையும் செயினையும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், விலையில் கழித்துத் தருகிறேன் என்றார் டீலர். நியாயமாகத்தான் பட்டது. அண்ணா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வார்ப்பிரும்பு எடையில் இரண்டு ஓட்டை போட்டு, மெழுகி, பெயின்ட் அடித்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். யாரோ கூடுதல் எடையைப் பின்னால் போல்ட் போட்டுத் தொங்கவிட்டு, 3 டன் வண்டியில் அதற்கு மேல் தூக்கியிருக்கிறார்கள். அப்படித் தூக்கிய பாரத்தை மாஸ்ட்டும் ஆக்ஸிலும் வெல்டிங்குகளும் அத்தனையும் சுமந்திருக்கின்றன. ஃபோர்க்கின் நுனியில் வெல்டிங் வைத்த தழும்பும் இருந்தது. பதம் வைத்த இரும்பில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். “செயினைப் பார்க்காதவன் வேற எதைப் பார்த்திருக்கப் போறான்? கை வெக்காதீங்க தம்பி.” திரும்பி வந்துவிட்டோம்.

தேய்ந்த ஃபோர்க் மாற்றக்கூடியதுதான். ஆனால் குதிகால் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றால், நீண்ட செயினோடு ஃபோர்க்கைத் தரையில் உரசிக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். அது கண்ணில் படாத இடங்களைப் பற்றிச் சொல்லும் சாட்சி.

வாங்கிய வண்டி

இரண்டாவது வண்டி கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி ஸ்டோரில் இருந்தது. 2011 மாடல். ஹவர் மீட்டர் 9,300 காட்டியது, முதல் வண்டியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் பழைய சர்வீஸ் நோட்டுகள் மூன்று இருந்தன, கையெழுத்தோடு. எப்போது எஞ்சின் ஆயில் மாற்றினார்கள், எந்த வருடம் செயின் போட்டார்கள் எல்லாம் அதில் இருந்தது. திறன் தகடு இருந்த இடத்தில் இருந்தது. பெயின்ட் உரிந்து, பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கூரைக்கு அடியில் ஓடிய வண்டி.

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். எஞ்சின் ஜில்லென்று இருந்தது. இரண்டாவது சுற்றில் ஸ்டார்ட் ஆனது. லேசான கறுப்புப் புகை, அரை நிமிடத்தில் தெளிந்தது. ஓடும்போது அண்ணா ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். மெல்லிய ஆவிதான், குப்குப்பென்று அடிக்கவில்லை. அடித்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். கியர் ஆயிலைத் தொட்டு மோந்து பார்த்தார். கருகிய வாடை இல்லை.

அடுத்தது பாரச் சோதனை. இதைச் செய்யாமல் யாரும் வாங்காதீர்கள். வார்ப்புகள் நிரம்பிய ஒரு இரும்புத் தொட்டி, இரண்டு டன் எடை. அதை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கி எஞ்சினை அணைத்தார். மாஸ்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. பத்து நிமிடம் எல்லோரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டோர்க்காரர் டீ சொல்லியிருந்தார், டீ வந்து ஆறிப்போனது. பத்தாவது நிமிடத்தில் கோட்டிலிருந்து 30 மி.மீ. இறங்கியிருந்தது. முழுப் பாரத்தில் பத்து நிமிடத்துக்கு 100 மி.மீ. என்பது எல்லை. சீல்களும் வால்வும் ஒழுங்காக இருக்கின்றன. மாஸ்ட்டைச் சாய்க்கிற டில்ட் சிலிண்டரில் மட்டும் எண்ணெய் கசிந்தது. பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையால் பிடித்து ஆட்டியபோது கடகடவென்றது. பின் சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங் பின் தேய்ந்திருக்கிறது. இரண்டும் தெரிந்த நோய், தெரிந்த மருந்து.

4.60 கேட்டார்கள், 4.10-க்கு முடிந்தது. ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தாலும், ரிப்பேர் முடியும் வரை ஒரு பேலட்டைக்கூடத் தூக்கவில்லை. ஒரு ஜோடி செயின், டில்ட் சீல், கிங் பின், எல்லா ஹைட்ராலிக் ஹோஸும், எல்லா ஆயிலும் ஃபில்டரும், பின் டயர் இரண்டு, ரிவர்ஸ் அலாரம், சீட் பெல்ட், சைலன்சருக்குப் பொறி தடுப்பான். ஃபோர்க் 43 மி.மீ. இருந்தது, அதனால் விட்டுவிட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறோம். தூக்கும் கருவிகளைத் தகுதிபெற்ற ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு வைத்திருந்த விதி. வண்டி பழையது என்பதால் முதல் பேலட்டுக்கு முன்பே சோதித்துச் சான்று வாங்கினோம். பழைய வண்டி விலையில் இதையெல்லாம் சேர்க்காமல் 4.10 லட்சம்தான் ஆச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓட்டுவதில் ஒன்று சொல்ல வேண்டும். 2.2 மீட்டர் பேலட் முன்னால் இருந்தால் ஆபரேட்டருக்கு முன்னால் எதுவுமே தெரியாது. வெளியில் பாரத்தோடு பின்பக்கமாகத்தான் ஓட்டுகிறார். கன்டெய்னருக்குள் முன்பக்கமாகப் போகும்போது டாக்கில் ஓரமாக ஒருவர் நின்று கை காட்டுகிறார். அந்த நேரத்தில் கன்டெய்னருக்குள் யாரும் இருக்கக் கூடாது. களத்தில் வேலை செய்கிற பெண்கள் குறுக்கே நடக்கிற பாதையை மாற்றிச் சங்கிலி கட்டிவிட்டோம். புது வண்டி வாங்கினாலும் இதெல்லாம் வேண்டும்தான். சாயங்காலம் வண்டியை அணைத்ததும் கம்ப்ரஸர் காற்றால் ரேடியேட்டர், மேனிஃபோல்டு, பெல்ட் இடுக்கு எல்லாம் ஊதி, குடோனுக்கு வெளியே தனியாகத்தான் நிறுத்துகிறோம். ஒரு மணி நேரம் கழித்து வாட்ச்மேன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

வண்டி வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒருமுறை செல்ஃப் மோட்டார் போனது. கன்டெய்னர் இல்லாத நாள், மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. இன்னொரு முறை கன்டெய்னர் நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டியரிங் பைப் விட்டுப்போய் வாடகை வண்டியைக் கூப்பிட்டோம். 9,000 ரூபாய் போனது. அண்ணன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டு வைத்திருக்கிறார். அதில் ஒன்று நிரம்பியிருக்கிறது. வருடம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.